அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன

மார்ச் 4

அன்புள்ள பொடிசு,

டிஷ்யூ பெட்டியை வருபவரின் இடக்கைப் பக்கம் வைப்பது என்று முடிவாகிவிட்டது. அவசரப்பட்டு எடுத்த முடிவு அல்ல. வலக்கைப் பக்கம் வைத்தால் 'அழுங்கள், அதற்குத்தானே வந்தீர்கள்' என்று வற்புறுத்துவது போலிருக்கும். நடுவில் வைத்தால் எனக்கும் சேர்த்து வைத்தது போலிருக்கும் என்றாள் உன் அண்ணி. பாடப்புத்தகம் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. எனவே எல்லா நாற்காலிகளிலும் நானே மாறி மாறி உட்கார்ந்து, அழுகிற பாவனையில் கையை நீட்டிப் பார்த்து, இடது என்று தீர்மானித்தேன். இத்துடன் என் மனநல ஆலோசனை மையம் முறைப்படி திறக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.

அறை இரண்டாம் மாடியில். கீழே மெத்தைக் கடை. பக்கத்து அறையில் பல் மருத்துவர். அவருடைய துளைக்கும் கருவியின் சத்தம் சுவர் வழியாக நன்றாகவே கேட்கிறது. யாராவது தங்கள் சின்ன வயதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது அது பொருத்தமாக இருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தனியாகத் தொழில் தொடங்கும் ஆலோசகர் முதல் வருடம் முழுக்க அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆலோசகர் சங்கத்தின் விதி. மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர் நேரமில்லை என்றார். ஒருவர் பதில் போடவில்லை. மூன்றாமவர் என்னோடு கால் மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு நேரமில்லை என்றார். மிச்சம் இருப்பது நீதான்.

நாம் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. கடைசியாகப் பேசிய அன்று போனை முதலில் வைத்தது நான் என்பதும் நினைவிருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

*

மார்ச் 11

அண்ணா,

போனை முதலில் வைத்தது நான்.

எனக்கு வயது நாற்பத்தாறு. பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வழிகாட்டியைப் பொடிசு என்று அழைக்கும் ஆலோசகரைச் சங்கம் ஏற்றுக்கொள்ளுமா என்று விசாரித்து எழுது.

ஒப்புக்கொள்கிறேன். உனக்காக இல்லை, உன்னிடம் வரப்போகிறவர்களுக்காக. நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவரை ஒரு கஷ்டமான அமர்வு முடிந்து வெளியே வந்தால் நடைவழியில் யாராவது ஒரு நர்ஸ் முகத்தைப் பார்த்து "என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்பாள். அது போதும். தனியறை எடுத்த பிறகு நடைவழியே இல்லை. முதல் வருடம் முழுக்க எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரிடம்தான் பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் "ரெண்டு பக்கமும் எடுக்கவா?" என்பார். தனியறையில் நாம் செய்யும் தப்பு நமக்கே தெரியாது. வந்தவர் நம்மை நம்பி அதையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். உனக்கு வழிகாட்டி வேண்டியது அதற்காகத்தான். சங்கத்துக்காக இல்லை.

நிபந்தனைகள். போன் வேண்டாம், கடிதம்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எதிராளி சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது உனக்கு ஒரு பயிற்சி. வருபவர்களின் பெயர், ஊர், தொழில் எதையும் எழுதாதே. ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுது. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த விஷயத்தை 'அவள் ஏன் அங்கே கிடந்து கவலைப்படணும்' என்று என்னிடம் சொல்லாமல் விட்டாய். எல்லாம் முடிந்தபின் ஓடி வந்தவளைப் பார்த்து அத்தனை பேர் முன்னால் "இப்பவாவது வந்தியே" என்றாய். இதைப் பற்றி இனி எழுத மாட்டேன். எழுதவில்லை என்பதால் மறந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

மே மாதம் உன் ஊரில் எங்கள் சங்கக் கூட்டம் இருக்கிறது. உன் வீட்டில் தங்கலாமா என்று கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன்.

தங்கை

*

மார்ச் 23

மதிப்புக்குரிய வழிகாட்டி அவர்களுக்கு,

சங்கத்தில் விசாரித்தேன். பொடிசு பற்றி விதி எதுவும் இல்லையாம். இருந்தாலும் மேலே உள்ளபடி அழைக்கிறேன்.

முதலில் தொழில் நிலவரம். பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் கதவு மாறி என்னிடம் வந்துவிடுகிறார்கள். போன வாரம் ஓர் அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சு, சார். இப்ப தாங்க முடியல" என்றார். நல்ல அமர்வாக அமையப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறந்து காட்டினார்.

உண்மையாகவே என்னிடம் வருகிறவர் இப்போதைக்கு ஒருவர்தான். வியாழக்கிழமை மாலைகளில் வருகிறார். உங்கள் ஆணைப்படி அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கல்யாணம் ஆகாதவர். ஒரே ஒரு தங்கை, வேறு வீட்டில். இரண்டு வருடத்துக்கு முன் குடும்பத்தில் ஒரு சாவு. சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னால், அவர் தங்கையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இப்போது அந்தத் தங்கை ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் என்கிறாள். இவருக்குக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சார் திறக்கிறது?" என்கிறார். கேட்டுவிட்டு டிஷ்யூ பெட்டியைப் பார்க்கிறார். எடுக்க மாட்டேன் என்கிறார். அரை மணி நேரம் இப்படிப் போகிறது.

நான் பேசிவிடாமல் இருப்பதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு என்ன சொல்வது?

இப்படிக்கு,
பணிவுள்ள அண்ணன்

*

மார்ச் 31

அண்ணா,

கடிதம் கிடைத்தது. பணிவும் கிடைத்தது.

அந்தக் கணக்கு வாத்தியார் மீது எனக்குத் தனிப்பட்ட முறையில் எந்த வருத்தமும் இல்லை. ஒரு தொழில்முறை ஆலோசகர் என்ற நிலையில் மட்டும் சொல்கிறேன்.

கதவைத் திறக்க மனமில்லை என்றால் அவர் திறக்க வேண்டாம். யாரும் அவரைக் கெஞ்சவில்லை. அந்தத் தங்கையும் தகவலுக்காகத்தான் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தங்க இடமா இல்லை? ஊரில் நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காபியைக் கொடுத்துவிட்டு, வானிலையைப் பற்றிப் பேசுவதைவிட இது கௌரவமானது. சொன்ன வார்த்தை அங்கேயே கிடக்க, அதைத் தாண்டிக் குதித்து உள்ளே வர அவளாலும் முடியாது.

இதில் அவசரம் எதுவும் இல்லை. இரண்டு வருடம் காத்திருந்தவள் இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பாள். அவர் தயாராகும்போது, அவரே போய், அவள் வாசலில் நின்று, சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். அதுவரை கதவு மூடியே இருக்கட்டும். இதை நீ அவரிடம் அப்படியே சொல்லலாம். அவருக்குக் காது கேட்கும் என்று நம்புகிறேன்.

தங்கை

*

ஏப்ரல் 9, வியாழன்

மதிப்புக்குரிய வழிகாட்டி அவர்களுக்கு,

அவர் இப்போதுதான் எழுந்து போனார். நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

உங்கள் ஆலோசனை கனகச்சிதம். 'அவசரம் எதுவும் இல்லை' என்று நான் சொன்னதும் அவர் உடம்பு தளர்ந்ததைப் பார்த்தேன். இத்தனை வாரத்தில் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப திறக்க வேணாமா சார்?" என்றார். "நீங்கள் தயாராகும்போது நீங்களே போய்ப் பேசலாம்" என்றேன். "பெரியவங்க யோசிச்சுதான் சொல்வீங்க. லிப்ட்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட நானும் அதத்தான் சார் சொல்றது. கதவத் தள்ளாதீங்க, சும்மா நில்லுங்கன்னு" என்றார். தெளிவாகத்தான் போனார்.

உங்கள் கடிதத்தில் ஓட்டல் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. அவளுக்கு உள்ளூரிலேயே புருஷன் வீடு இருக்கிறது. ஓ, உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அடையாளத்தை நான் எவ்வளவு திறமையாக மாற்றியிருக்கிறேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக, மதிப்பெண்ணை எதிர்பார்த்து, இங்கே உண்மையைச் சொல்கிறேன்.

அவர் கணக்கு வாத்தியார் அல்ல. லிப்ட் மெக்கானிக். கல்யாணம் ஆனவர், மனைவி இறந்துவிட்டார். தங்கை என்று நான் எழுதியது அவருடைய மகள். ஒரே மகள். மனைவியின் சாவு அன்று, "நீ வீட்டோட இருந்திருந்தா உங்கம்மா போயிருக்க மாட்டா" என்று மகளிடம் சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை சாயங்காலம் அவள் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை புருஷனோடு விமானம் ஏறுகிறாள். கடல் கடந்து, ஒரேயடியாக. திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம். இந்த விவரத்தைச் சேர்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் போன கடிதத்தில் விட்டுவிட்டேன். மகளுக்குப் பதில் ஒரு தங்கையை எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்கலாம். எனக்குக் கற்பனை போதாது. எழுதும்போது கைக்கு எட்டியது அதுதான்.

சனிக்கிழமை முழுநாளும் 'ஆழ்ந்து கேட்டல்' என்ற பயிற்சி முகாமுக்குப் போகிறேன். போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம். நல்ல ஏற்பாடு.

இப்படிக்கு,
பணிவுள்ள அண்ணன்

*

ஏப்ரல் 11, சனி மாலை

அண்ணா,

உன் கடிதம் மதியம் வந்தது. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும்போது ஒன்றுக்கும் ஆகாது. தெரிந்துதான் எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உனக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணிக்குச் செய்தேன். "அவரு கேக்கிறதுக்குக் கத்துக்கப் போயிருக்காருடி. சாயங்காலம்தான் வருவாரு. அந்த இடம் எங்கன்னு எங்கிட்ட சொல்லல, நான் கவலப்படுவேனாம்" என்றாள். உன்னிடம் வருகிற மெக்கானிக்கின் பெயர் என்ன என்று கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் ரகசியம்னு பூட்டி வெச்சிருக்காரு. சாவியக்கூட அவருதான் எடுத்துட்டுப் போனாரு" என்றாள். பல் மருத்துவரைப் பிடித்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண், பக்கத்து அறை சார் வந்தால் சொல்கிறேன் என்றாள். பிறகு எந்தப் பல் என்று கேட்டாள். கடைசியில் உன் ஊர் லிப்ட் கம்பெனிகளுக்குப் போன் செய்தேன். மனைவியை இழந்த, ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக் யாராவது உண்டா என்று கேட்டேன். ஒருவன் "எந்த மாடில மேடம் மாட்டியிருக்கீங்க? பதட்டப்படாதீங்க" என்றான்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரு தெரியாது. தெரியக்கூடாது என்று சொன்னவளே நான்தான்.

அண்ணா, அந்த வாத்தியார் நீ என்று நினைத்துவிட்டேன். நான் மே மாதம் வருகிறேன் என்று எழுதினேன். அடுத்த கடிதத்திலேயே ஓர் அண்ணன், ஒரு தங்கை, ஒரு சாவு, கதவைத் திறப்பதா வேண்டாமா என்று நீ எழுதுகிறாய். நான் வேறு என்ன நினைப்பேன்? என்னிடம் நேராகச் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு வாத்தியாரைப் பிடித்து வைத்துக் கேட்கிறாய் என்று நினைத்தேன். கோபத்தில் எழுதினேன். உனக்கு எழுதினேன். அவருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆள் அடையாளத்தை மாற்று என்றுதான் சொன்னேன். ஆளையே மாற்று என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம் என்பது அடையாளமா? அவருடைய பிரச்சினையே அதுதானே! எதிராளி கவலைப்படக் கூடாது என்று எதை மறைக்கிறாயோ, எப்போதும் அதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விஷயமாக இருக்கிறது.

ஆறரை ஆகப்போகிறது. முகாம் முடிந்திருந்தால் போனை வாங்கிப் பார். பார்த்ததும் அவர் வீட்டுக்கு ஓடு. காரணம் சொல்லாதே. கதவைத் திறக்கச் சொல்.

மறுபடி செய்து பார்த்தேன். இன்னும் அணைத்தே இருக்கிறது.

பொடிசு

*

ஏப்ரல் 17

பொடிசு,

முகாம் நீண்டுவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் எல்லோரையும் கண்ணை மூடி மௌனமாக உட்காரச் சொன்னார்கள். போனைத் திருப்பி வாங்கியபோது உன் அழைப்புகளைப் பார்த்தேன். திரும்பக் கூப்பிட்டேன். உன் போன் வேலையாக இருந்தது. நீ என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். பிறகு ஒருவழியாகக் கிடைத்தாய், பேசினோம். அதற்குள் எட்டு மணி. ஆட்டோ பிடித்து அவர் தெருவுக்குப் போனேன். விளக்கெல்லாம் அணைந்திருந்தது. மணியை அடித்தேன். கதவு திறக்கவில்லை. நான் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்து, "இன்னிக்கு யாருக்குமே திறக்கல சார். அந்தப் பொண்ணு எவ்ளோ நேரம் நின்னுச்சு" என்றார்.

நேற்று வியாழக்கிழமை. வழக்கம்போல் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எதையும் மாற்றவில்லை.

"வந்துச்சு சார். மாப்பிள்ளையும் கூட வந்தாரு. மணி அடிச்சுச்சு. நான் இந்தப் பக்கம் கதவ ஒட்டிக் கீழ உக்காந்துட்டேன். 'அப்பா, லைட்டு எரியுது, உள்ளதான் இருக்கீங்க'ன்னுச்சு. நான் போயி லைட்ட அணைச்சிட்டேன் சார். எதுக்கு அணைச்சேன்னு எனக்கே தெரியல. அப்புறம் அது ஒண்ணும் பேசல. மாப்பிள்ளதான், 'வாம்மா, நேரமாச்சு, பெட்டியெல்லாம் கட்டணும்'னாரு. லிப்ட் கதவு மூடுற சத்தம் கேட்டுச்சு. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன் சார்."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "அடுத்து என்ன சார் செய்யணும்?" என்றார்.

பக்கத்து அறையில் யாருக்கோ பல்லைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்கட்டும் என்று காத்திருப்பவன்போல உட்கார்ந்திருந்தேன். அது நின்றது. நேரம் முடிந்ததும் அவர் எழுந்து, "அடுத்த வாரம் சொல்லுங்க சார், யோசிச்சு சொல்லுங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் என்ன சொல்வது?

அண்ணன்

*

ஏப்ரல் 21

அண்ணா,

எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். முன்பு எனக்கு வழிகாட்டியாக இருந்த வயதான அம்மாளிடமும் கேட்டேன். அவருக்கு இப்போது என்னை அடையாளம் தெரிவதில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஒன்று மட்டும் தெரிகிறது. நாம் சொன்னது தப்பு என்று அவரிடம் சொல்ல வேண்டும். 'நாம்' என்று சொல்லாதே, அவருக்கு என்னைத் தெரியாது. 'நான்' என்று சொல். அது நியாயமில்லை, பாதி என்னுடையது. ஆனால் அறையில் இருப்பது நீ. சொல்லிவிட்டு விளக்கம் கொடுக்காதே. அவர் கோபப்பட்டால் படட்டும். கோபப்படாவிட்டால் அது இன்னும் கஷ்டம். எப்படியானாலும் எழுந்து போய்விடாதே. அவர் வந்துகொண்டிருக்கும்வரை நீயும் வியாழன்தோறும் அந்த நேரத்தில் அங்கே இரு.

மகளின் முகவரியை யாரிடமாவது கேட்டு அவர் எழுதலாம். உறவுக்காரர்கள், அவளுடைய சிநேகிதிகள் யாராவது இருப்பார்கள். அவராகக் கேட்டால் சொல்.

மே மாதக் கூட்டத்தை இணையவழியில் நடத்துவது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆகவே நான் வரவில்லை.

பொடிசு

*

மே 8

பொடிசு,

சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் தள்ளிப்போட்டு நேற்றுத்தான் வாய் வந்தது. "நான் உங்களுக்குச் சொன்னது தப்பு" என்றேன். நீ சொன்னபடி விளக்கம் கொடுக்கவில்லை.

அவர் டிஷ்யூ பெட்டியைப் பார்த்தார். பிறகு, "அப்ப திறந்திருக்கணுமா சார்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"சரி சார்" என்றார். கோபப்படவில்லை. அவர் கோபப்படட்டும் என்று நான் காத்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்றார். இதைவிட அவர் நாற்காலியைத் தூக்கி அடித்திருக்கலாம்.

முகவரியைப் பற்றிக் கேட்டார். உறவுக்காரர்களோடு சாவு வீட்டிலேயே முறித்துக்கொண்டுவிட்டாராம். சிநேகிதிகள் யாரையும் தெரியாதாம். மகளுடைய பழைய போன் எண்ணுக்குச் செய்து பார்த்தோம். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அதை அவர் முடியும்வரை கேட்டார். அந்தக் குரல் வேறு மொழியில் ஒருமுறை சொல்லும்வரையும் கேட்டார். பிறகு, அவள் இருந்த வீட்டில் யாரிடமாவது விசாரித்தால் தெரியலாம் என்றார். தனியாகப் போகத் தயங்கினார். ஆலோசகர் கூடப் போகலாமா என்று உன்னைக் கேட்டு எழுத நேரமில்லை. போனேன்.

நாலாவது மாடி. லிப்ட்டுக்குள் அவர் ஒரு திருகாணியைக் கையால் தொட்டு அழுத்திப் பார்த்தார், பழக்கம் போலிருக்கிறது. நடைவழியில் பெயிண்ட் வாசனை. மணியை நான் அடிக்கவா என்று கேட்டேன். "வேணாம் சார், நானே அடிக்கிறேன்" என்றார். அடித்தார். உடனே திறந்தார்கள்.

திறந்தது இளவயதுத் தம்பதி. போன வாரம்தான் குடிவந்தார்களாம். முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார்கள்.

அண்ணன்